வயலில் கால் வெட்டுப்பட்டு நெறி கட்டினால்

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலுக்குள் இறங்குபவர்களுக்குத் தெரிந்ததுதான்: பாதத்தில் வெட்டு, ஓரிரு நாளில் தொடையிடுக்கில் கச்சான் கொட்டை அளவில் நெறி. காயத்தில் புகுந்த கிருமியை நிணநீர் அங்கே கொண்டுபோகிறது; அதை எதிர்க்க வெள்ளணுக்கள் பெருகுவதால் அங்குள்ள நிணநீர் முடிச்சு வீங்கி நோகும்; அதுதான் நெறி. அதனால் முதலில் காயத்தைக் கவனியுங்கள்.

சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 5 நிமிடம் கழுவுங்கள். சேறு, முள் உள்ளே நிற்கக்கூடாது. காலை உயர்த்தி வையுங்கள். நெறியை எண்ணெய் போட்டு உருவவே வேண்டாம். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் கடந்திருந்தால் மறுபடி போடவேண்டிவரும்.

சிவப்புக் கோடு காலில் மேலேறினாலோ குளிர்நடுக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு கெண்டைக்காலும் நொந்தால் எலிக்காய்ச்சலாகவும் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் நோய்) இருக்கலாம். வயல் தண்ணீரில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2 கிழமைக்குப் பிறகும் வற்றாத, இறுகிப்போன நெறியையும் காட்டத்தான் வேண்டும், நோகாவிட்டாலும்.