தடுப்பூசியைக் கேள்வி கேட்பவர்கள் வழிதவறும் இடங்கள்

2017 பிப்ரவரியில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. இன்ன தேதியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்படும் என்று இரண்டே வரி. எல்லாத் தடுப்பூசியும் போட்ட பிள்ளைக்கு மறுபடியும் எதற்கு, காய்ச்சல் வந்தால் யாரிடம் காட்டுவது, வேண்டாம் என்று சொல்லலாமா, எதுவும் அதில் இல்லை. சீட்டு சொல்லாமல் விட்டதையெல்லாம் அன்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப் சொல்லிவிட்டது. ஆட்டிசம் வரும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, நம் பிள்ளைகள் சோதனை எலிகள்.

தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு என்று ஐந்து இடங்களில், 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் நடந்த முதல் கட்ட முகாம் அது. தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் மறுத்ததால் முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மறுத்தவர்களை அறிவில்லாதவர்கள் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நானும் சந்தேகப்பட்டவன்தான். நாட்டின் பெரும்பகுதியில் அரசு இலவசமாகக் கொடுத்த தடுப்பூசிகளில் ரூபெல்லா அதுவரை இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு, காது கேளாமல், இதயக் கோளாறோடு பிறக்கலாம். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. இதைச் சீட்டில் அச்சிட மூன்று வரி போதும். அச்சிடவில்லை.

ஆகவே கேள்வி கேட்பது தவறில்லை. கேட்டுக்கொண்டே போகிற வழியில் எங்கே சறுக்குகிறோம் என்பதைத்தான் எழுத வந்தேன். அந்தச் சறுக்கல்கள் சிலவற்றில் நானும் விழுந்திருக்கிறேன்.

காக்கையும் பனம்பழமும்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிகாலை இறந்துபோனார். தமிழ்நாட்டையே கலங்க வைத்த சாவு. ஊசி போட வரிசையில் நின்றவர்கள் வீடு திரும்பினார்கள். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்றே பிறகு அறிவித்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் காக்கையால் பழம் விழுவதும் உண்டு. அதை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி. அந்த ஏப்ரல் மாதத்தில் 45 வயது தாண்டியவர்கள் தினமும் லட்சக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வயதில் தினமும் சிலருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். அதனால் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்தவர்கள் என்று சிலர் கட்டாயம் இருப்பார்கள். வழக்கமாக வரும் எண்ணிக்கையைவிட அதிகமாக வந்ததா என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

அப்படிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்த வரலாறும் இருக்கிறது. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க அமெரிக்காவில் 1998 ஆகஸ்டில் ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்து அனுமதி பெற்றது. சில மாதங்களில், மருந்து கொடுத்த குழந்தைகள் சிலருக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்வதாகப் புகார்கள் வந்தன. முதல் 15 புகார்களிலேயே அரசு விழித்துக்கொண்டது. 1999 ஜூலையில் மருந்தை நிறுத்திவைத்து, கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். காக்கை உட்கார்ந்த மரத்தில்தான் பழம் அதிகம் விழுந்திருந்தது. சுமார் 10,000 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஆபத்து. அக்டோபரில் மருந்து சந்தையை விட்டே போய்விட்டது. அடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளையும், ஒவ்வொன்றையும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். நம் நாட்டு ரோட்டாவாக் டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே வந்தது.

புகார்ப் பதிவேட்டில் இத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பயமுறுத்தும் ஃபார்வர்டு வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். புகார் என்பது விசாரணைக்கு ஆரம்பம், தீர்ப்பு அல்ல. புகார் கொடுப்பதே வீண் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. அந்த 15 பேர் புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் ரோட்டாஷீல்டு இன்னும் எத்தனை குழந்தைகளுக்குப் போயிருக்கும்?

மேல் எண்ணை மட்டும் படிப்பது

2021 ஆகஸ்டில் இஸ்ரேலிலிருந்து வந்த செய்தி: கொரோனா முற்றி மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள். அப்படியென்றால் ஊசி எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரில் 1,000 பேர். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 10 பேரும் போட்டவர்களில் 18 பேரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே எட்டிப் பார்த்தால் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் படுத்திருக்கிறார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர். செய்தி பொய் சொல்லவில்லை. எத்தனை பேரில் இத்தனை பேர் என்ற கீழ் எண்ணைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான்.

கம்மம் சொல்லும் பாடம்

நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் ஏறத்தாழ 24,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரு மாநில அரசுகள் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது.

விசாரணையில் இரண்டு வேறு உண்மைகள் வெளிவந்தன. முதலாவது, சாவுகள் ஊசியால் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியது, ஒன்றைப் பாம்பு கடித்தது, இரண்டு பூச்சிமருந்து குடித்தன, ஒன்றுக்கு மலேரியா முற்றியது. இரண்டு சாவுகளுக்குக் காரணம் உறுதியாகவில்லை.

இரண்டாவது உண்மை வெட்கக்கேடானது. ஆந்திராவில் பார்வையிட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர். 1,948இல் கைநாட்டு. பெற்ற தாய்தகப்பனுக்கு என்ன ஊசி, எதற்கு என்று சொல்லப்பட்டதா என்பதற்கே ஆதாரம் இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடும் இல்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதையெல்லாம் கடுமையான வார்த்தைகளில் எழுதிவைத்தது. எழுதியது சரி.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. நடத்தியவர்களின் குற்றத்தை மக்கள் மருந்தின் மேல் ஏற்றினார்கள். "ஏழு பேரைக் கொன்ற ஊசி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, இன்றும் சுற்றுகிறது. அதே நாட்களில் இந்தியாவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு ஹெச்பிவி ஆய்வும் அந்தக் களேபரத்தில் பாதியில் நின்றது. அதில் ஒரே ஒரு ஊசியோடு விடப்பட்ட சிறுமிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், ஒரு ஊசியே நல்ல பாதுகாப்புத் தருவது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசியும் போதும் என்று சொன்னதற்கு அந்த இந்தியப் பிள்ளைகளும் ஒரு காரணம். இதற்கிடையில் ஆண்டுதோறும் 70,000க்கு மேற்பட்ட இந்தியப் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒப்புதல் வாங்காமல் ஊசி போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அந்த ஏழு பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, இந்தப் பெண்களுக்காகவும்தான்.

திட்டம் நடந்த விதமா, மருந்தா, எதன் மேல் நம் புகார்? இதைப் பிரிக்காமல் பேச ஆரம்பித்தால் இரண்டில் ஒன்றுகூடத் திருந்தாது.

மூன்று வருடம் கழித்து வந்த பயம்

2024 ஏப்ரல் கடைசியில், கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று ஆஸ்ட்ராஜெனிகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது செய்தியானது. அந்த வாரம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். "நாங்க ரெண்டு டோஸ் போட்டிருக்கோமே, இப்ப என்ன பண்றது?"

தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் அந்தச் சிக்கல், ஊசி போட்ட நாலாம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரக்கூடியது. 2021இல் போட்டவருக்கு 2024இல் அதனால் வரப்போவதில்லை. அது 2024இல் கண்டுபிடித்ததும் அல்ல. 2021 மார்ச்சிலேயே ஐரோப்பிய நாடுகள் கவனித்துவிட்டன. டென்மார்க் அந்த ஊசியையே கைவிட்டது. பிரிட்டன் 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுத்தது.

ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று அந்தப் பயத்தில் காணாமல் போனது. 2021 மே மாதம் நம் அரசு வெளியிட்ட கணக்கில், 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேருக்கு இப்படிப்பட்ட ரத்த உறைவு. பிரிட்டனில் அது 4 என்று அதே அறிக்கை சொன்னது. நம் உடம்புக்கு அது குறைவாக வருகிறதா, இல்லை நம் ஊரில் பதிவுசெய்வது குறைவா? பிரேதப் பரிசோதனை அரிதாகவே நடக்கும் நாட்டில் இரண்டாவதையும் ஒதுக்கிவிட முடியாது. சந்தேகப்படுபவர் குடைய வேண்டியது இந்த மாதிரி இடத்தைத்தான்.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் சந்தேகம்

அரசு சொன்னால் நம்பாதவர், அரசை எதிர்ப்பவர் சொன்னதை அப்படியே நம்புவது. தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற கதை அப்படித்தான் பரவியது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் மொத்தமே 12 குழந்தைகள். தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட முயன்ற வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் வாங்கியிருந்தார். 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் போனது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவேட்டைப் பார்த்ததில் தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. கம்பெனிக்கு ஆதாயம் உண்டா என்று கேட்பவர், யூடியூபில் பயமுறுத்திவிட்டு அடுத்த நிமிடமே மூலிகைப் பொடி விற்பவருக்கும் ஆதாயம் உண்டா என்று கேட்க வேண்டும்.

அதிகாரிகள் பக்கத்துத் தவறு

அவநம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. பிலிப்பைன்ஸில் 2016இல் 8 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசரமாக டெங்கு ஊசி போட்டார்கள். அதற்குமுன் டெங்கு வராத பிள்ளைக்குப் பின்னால் டெங்கு வந்தால் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. மக்கள் எல்லா ஊசியையும் வெறுத்தார்கள். 2019இல் அங்கே தட்டம்மை பரவி நூற்றுக்கணக்கான குழந்தைகள் செத்தார்கள். டெங்கு ஊசியின் தவறுக்குத் தட்டம்மையில் விலை கொடுத்தார்கள்.

நம் நாட்டில் கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3ஆம் தேதி, மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்தார்கள். கேள்வி கேட்ட மருத்துவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் போல ஏசப்பட்டார்கள். பிறகு வந்த முடிவு ஊசிக்குச் சாதகமாகவே இருந்தது. அதனால் அன்று கேட்டது தவறாகிவிடாது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. அதே தீர்ப்பில் அரசின் தடுப்பூசிக் கொள்கையை நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றும், பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் மருத்துவர்களும் பதிவுசெய்ய வழிசெய்து அந்த விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. இரு தரப்பும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் பகிர்ந்துகொண்டன.

ஊசி போடும் இடத்தில்

இணையத்தில் நாள் முழுக்கத் தேடுபவர்கள், ஊசி போடும் மேசைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கேதான் கேட்க வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடும்படி தமிழ்நாடு அரசு மாற்றியது. மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அது கையாளப்படும் விதமும் நன்றாக இருக்க வேண்டும்.

குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. தட்டம்மை-ரூபெல்லா மருந்து தூளாக வரும். கரைசல் ஊற்றிக் கலந்த நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், ஒவ்வாமை வந்தால் உடனே பார்ப்பதற்காக. பின்னால் ஏதாவது கோளாறு தெரிந்தால் போட்ட இடத்தில் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். மருந்துப் பக்கவிளைவைப் பதிய 1800 180 3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

அன்று பள்ளிக்கு நான் கூடவே போனேன். நர்ஸிடம் மருந்தை எப்போது கலந்தீர்கள் என்று கேட்டேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். குப்பியைத் திருப்பிக் காட்டினார். லேபிளில் பேனாவால் 10.40 என்று எழுதியிருந்தது. "காலைலருந்து நூறு பிள்ளைங்களுக்குப் போட்டுட்டேன் சார்," என்றார். "இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."