கூட்டம் கூடவே பாடுகிற பல்லவி எழுதுவது எப்படி

புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த 1990களின் தொடக்கத்தில், கலைப்பயணக் குழுவுக்காகப் பாட்டு எழுத ஆரம்பித்தவன் நான். பாட்டை அச்சடித்துக் கையில் கொடுக்க முடியாது. படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தானே அந்த இயக்கமே! ஆகவே பல்லவி காதில் விழுந்ததும் வாய்க்கு வந்துவிட வேண்டும். இன்றைக்குப் பாட்டு எழுத வரும் பிள்ளைகளுக்கும் இதையே அளவுகோலாகச் சொல்கிறேன். சினிமாவோ, கல்லூரி இசைக்குழுவோ, தெருமுனையோ, எதற்கு எழுதினாலும் இது பொருந்தும்.

முதலில், பாட்டு என்ன சொல்கிறது என்பதை ஒரே வரியில் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ‘நீர்நிலைகளைக் காப்பது நம் கடமை’ என்று தொடங்கினால் அது சுவரில் எழுதும் வாசகம், அதை யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர் வயிற்றெரிச்சலோடு என்ன சொல்வார்? ‘கம்மா எங்கப்பா போச்சு?’ என்பார். பல்லவி அங்கேதான் இருக்கிறது.

கம்மா எங்க போச்சு – நம்ம
கம்மா எங்க போச்சு
கண்ணு முன்னே கொஞ்சங் கொஞ்சம்
கட்டடமா ஆச்சு

கேள்வியாக அமைந்த பல்லவிக்கு எப்போதும் ஒரு வலு உண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கோபாலகிருஷ்ண பாரதி, கோயிலுக்குள் நுழைய முடியாத நந்தனை ‘வருகலாமோ’ என்று கேட்க வைத்தார். அந்த ஒற்றைச் சொல்லே பாட்டு முழுவதையும் தாங்குகிறது. கேள்வி காதில் விழுந்தவர் மனசு பதிலைத் தேடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை பல்லவி திரும்பும்போதும் கேள்வி கனத்துக்கொண்டே போகும்.

இப்போது இந்த நாலு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மெட்டைத் தத்தகாரத்தில், அதாவது பொருளில்லாத ‘தன்ன தான’ அசைகளில், சொன்னால் ‘தன்னா தன்ன தான’. ‘தா’ என்று நீளும் இடத்தில் ‘போ’ வருகிறது, அடுத்த இடத்தில் ‘ஆ’ வருகிறது. நீட்டும் சுரத்துக்கு நெடிலைக் கொடுங்கள். அந்த இடத்தில் ‘கட்’, ‘பத்’ மாதிரி வல்லின ஒற்றில் முடியும் அசையை வைத்தால் பாடுகிறவர் தொண்டை அடைத்துக்கொள்ளும். ம், ன், ங் என்றால் பரவாயில்லை, முனகலாகவாவது நீட்டலாம். ‘போச்சு’வின் ‘சு’வை நீட்ட முயலாதீர்கள், ‘போ’விலேயே நின்றுவிட்டு ‘ச்சு’ என்று விட்டுவிடுங்கள்.

நாலு வரியிலும் ‘க’ மோனை ஓடுகிறது. போச்சு, ஆச்சு இரண்டும் இயைபு. இதெல்லாம் அலங்காரத்துக்கு இல்லை. ‘கண்ணு முன்னே’ மறந்துபோனாலும் அடுத்து ‘க’வில்தான் தொடங்கும் என்று வாய்க்குத் தெரிந்திருக்கும். நம் பாட்டிமார் எழுதாமலே எத்தனையோ தாலாட்டை நினைவில் வைத்திருந்தது இந்தப் பிடிமானத்தால்தான்.

‘நம்ம’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அது தாளத்தின் அடிக்கு முன்பாக எடுத்துக் கொடுக்கிற சொல். பாடகர் ‘நம்ம’ என்றதும் கூட்டம் அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். கூட்டப்பாட்டில் இப்படி ஒரு அழைப்பு இல்லாவிட்டால் ஜனங்கள் எங்கே நுழைவது என்று தெரியாமல் கைதட்டிக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

மெட்டின் உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்குரலுக்கு ஒரு கட்டை, பெண்குரலுக்கு ஐந்து கட்டை சுருதி என்பது பழைய கணக்கு. இரண்டு பேரும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் பல்லவியை ஸ்வரத்தில் ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவிலேயே நிறுத்துங்கள். மேல் ஸ்தாயி ஆசையைச் சரணத்தில் பாடகர் தீர்த்துக்கொள்ளட்டும்.

சரி, அமைப்பு. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வடிவத்துக்குச் சீர்காழி மூவர் (முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை) காலத்திலிருந்தே நம்மிடம் நல்ல மாதிரிகள் உண்டு. அனுபல்லவி மெட்டை மேலே தூக்கிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும். தெருப்பாட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சினிமாப் பாட்டின் வழக்கமான வடிவம் பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம், கடைசியில் பல்லவி. முதலில் இதைப் பழகுங்கள், அப்புறம் உடைக்கலாம்.

பலரும் சறுக்குவது சரணத்தின் கடைசி வரியில். சரணம் தன்பாட்டுக்கு முடிந்துவிடும், பல்லவி சம்பந்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு இது பொறுக்காது. சரணத்தின் கடைசி வரி பல்லவி இல்லாமல் முடியவே கூடாது:

நண்டு புடிச்ச வரப்புமில்ல
நாரை வந்த மரமுமில்ல
கெண்ட மீனக் கேட்ட புள்ள
கெழவி முகம் பாத்துக் கேக்கும் –

கேட்டது என்ன? ‘கம்மா எங்க போச்சு’. ஊர்க்காரர் புலம்பலாக இருந்த அதே வரி இப்போது ஒரு குழந்தையின் கேள்வியாகிவிட்டது. சொல் மாறவில்லை, பேசுகிற ஆள் மாறிவிட்டார். இரண்டாம் சரணத்தில் வேறு ஒருவரைக் கேட்க வையுங்கள். நடவுக்குத் தண்ணீர் இல்லாத விவசாயி கேட்கலாம், மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த அந்தக் கட்டடத்துக்காரரே கேட்கலாம். நான் இரண்டாமவரைத்தான் தேர்ந்தெடுப்பேன், அதில்தான் பாட்டு திரும்புகிறது. முதல் சரணம் சொன்னதையே வேறு சொல்லில் சொல்லும் இரண்டாம் சரணம் வேண்டவே வேண்டாம்.

எழுதி முடித்ததும் தாளைப் பார்க்காமல், கைத்தாளம் மட்டும் போட்டு, தெரு விளையாட்டுப் பிள்ளைகள் நாலு பேரிடம் பாடிக் காட்டுங்கள். மூன்றாம் தடவை பல்லவி வரும்போது அவர்கள் சேர்ந்துகொண்டால் பல்லவி தேறிவிட்டது. எந்தச் சொல்லை அவர்கள் மாற்றிப் பாடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மாற்றியதுதான் வாய்க்கு இசைவானது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பல்லவியில் மட்டும், மெட்டைத் தொடாமல், இரண்டு சொல்லை மாற்றலாம்: ‘கம்மா மீட்க வாங்க – நம்ம கம்மா மீட்க வாங்க.’ கூட்டம் மெட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதால் புதிய சொல் உடனே ஏறிவிடும். முதல் தடவை குழு மட்டும் பாடட்டும், இரண்டாம் தடவை பறையை நிறுத்திவிட்டுக் கூட்டத்திடம் விட்டுவிடுங்கள்.