டிரம்ஸ் மைக் வைக்க ஒரு நூல் போதும்

ஜாஸ் டிரம்ஸுக்கு மேலே வைக்கும் இரண்டு மைக்குகளும் ஸ்னேர் டிரம்மின் (அடியில் கம்பிச் சுருள்கள் அதிர்ந்து சரசரக்கும் சிறிய டிரம்) நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். நூலின் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, முதல் மைக் வரை இழுத்து அங்கே ஒரு முடிச்சு போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கையும் தொட வேண்டும், அவ்வளவுதான்.

ஒலி 1 மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். ஒரு மைக் 17 செ.மீ. தள்ளியிருந்தாலே அரை மில்லி விநாடி தாமதம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஸ்னேர் மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஜாஸில் குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும் கம்பி பிரஷ் டிரம்மில் உரசும் அந்த அழகான சத்தம் பெரும்பாலும் இந்த மைக்குகளில்தான் விழுகிறது; அப்புறம் மிக்ஸிங்கில், அதாவது பதிவான ஒலிகளைக் கலக்கும்போது, சரிசெய்வது பெரும்பாடு.

இரண்டு மைக்குகளின் தலையும் ஒட்டியிருக்கும் எக்ஸ்-ஒய் முறைக்கும், ஒற்றை மைக் பதிவுக்கும் இது தேவையில்லை.