ஐந்து நிமிடச் சிற்றுரை: பேசுவோருக்கும் நடத்துவோருக்கும்

கிளை நூலகத்தின் வாசகர் வட்டமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, இயற்கை ஆர்வலர் குழுவோ சிற்றுரை மாலை ஒன்றை நடத்த முன்வந்தால், மேடை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பேசிப் பழகியவர்களாக இருக்க மாட்டார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பட்டாம்பூச்சிகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைப்பவர், பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைதோறும், மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களைத் தேடிச் சைக்கிளில் கிளம்பிவிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என, ஒன்றின் மீது தீராத ஆசை கொண்ட உள்ளூர்க்காரர்களே பேசுவார்கள். அவர்களிடம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்காத அளவுக்குச் செய்தி நிறைந்திருக்கும். அதில் எதை விடுவது என்று தீர்மானிக்க அவர்களுக்குத் துணை நிற்பதுதான் நடத்துபவரின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

முதலில் வடிவத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவர் தொடங்கிய பெச்சாக்குச்சா நிகழ்ச்சியில் பேச்சாளர் 20 படங்களைக் கொண்டுவருவார். ஒவ்வொன்றும் 20 நொடி மட்டுமே திரையில் நிற்கும் என்பதால் 6 நிமிடம் 40 நொடியில் உரை முடிந்துவிடும். சளசளவென்று பேசிக்கொள்வதைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொல்லே அதன் பெயர். 2006இல் சியாட்டில் நகரில் பிராடி ஃபாரஸ்ட், ப்ரீ பெட்டிஸ் ஆகியோர் தொடங்கிய இக்னைட் நிகழ்ச்சி அதையும் சுருக்கி, 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 15 நொடி, மொத்தம் 5 நிமிடம் என்று வகுத்தது. இரண்டிலும் ஸ்லைடுகள் தாமாகவே நகரும். பேசுபவர் கையில் பொத்தான் எதுவும் இருக்காது.

நம் ஊர்க் கூட்டங்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய வரம். வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஒருவர் மேடையில் பேசிக்கொண்டே போகும்போது துண்டுச் சீட்டு அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. அனுப்பினாலும் அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொடர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரை தானே நகர்ந்து கடைசிப் படத்தில் நின்றுவிட்டால் யாரும் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, யாருடைய மனமும் புண்படுவதில்லை. இரு வடிவங்களில் ஐந்து நிமிடத்தையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஆறு பேர் பேசினாலும் உரைகள் அரை மணி நேரத்தில் முடிந்து, கேட்டவர்கள் பேச்சாளர்களோடு கலந்து பேச மாலையின் பெரும்பகுதி மிஞ்சும்.

அடுத்தது பொருளைக் குறுக்குவது. உழைப்பெல்லாம் இங்கேதான் தேவைப்படும். மேலே சொன்ன ஆசிரியர் 'நடுகற்கள்' என்ற தலைப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளை விளக்க விரும்புவார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறிப்புள்ள கற்களைக் காட்ட விரும்புவார். ஆநிரை மீட்டல், அதாவது கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்பது பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது என்பார். இவை எல்லாம் அரிய செய்திகள்தாம் என்றாலும் ஐந்து நிமிடத்தில் மூன்றையும் சொன்னால் கேட்பவர் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அப்போது நடத்துபவர் அவரிடம், "நீங்கள் பார்த்த கற்களிலேயே எதை முதலில் உங்கள் பேத்தியிடம் சொல்வீர்கள், சார்?" என்று கேட்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்வேன் என்று அவர் வாய் திறந்தால் உரை அங்கேயே பிறந்துவிட்டது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் இடம்பெற்றுள்ளன. அவருடைய தலைப்பு இனி 'நடுகற்கள்' அல்ல, 'கோவிவன் என்ற நாயின் பெயரைக் கல்லில் ஏன் பொறித்தார்கள்?' என்பதே. தலைப்பு ஒரு கேள்வியாகவும், பள்ளிப் பிள்ளைக்கும் விடையறியும் ஆவல் வருவதாகவும் அமைந்தால் பொருள் போதுமான அளவு குறுகிவிட்டது என்று நம்பலாம். ஆறு நிலைகளும் புலிமான்கோம்பையும் பிறகு தேநீர் வேளையில் அவரிடம் கேட்டறிய வேண்டியவை.

எழுத உட்காரும்போது கணக்கை மறக்கக் கூடாது. தமிழில் சொற்கள் ஒட்டுகளோடு நீள்பவை என்பதால், ஆங்கில உரைக்குச் சொல்லப்படும் சொல் எண்ணிக்கை நமக்குப் பொருந்தாது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரும் என்பது என் அனுபவம். அப்படியானால் 15 நொடிக்கு 25 சொற்களுக்கு மேல் இடமில்லை. முழு உரையையும் 400 சொற்களுக்குள் அடக்கினால், சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் கிடைக்கும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து என்று கண்டிப்பாகப் பிரிக்க வேண்டியதில்லை. கோவிவனின் படத்தை மூன்று ஸ்லைடுகளில் அப்படியே தொடரவிட்டு, முதலில் கல் முழுவதையும், பிறகு வீரனையும், பிறகு நாயை மட்டும் பெரிதாக்கியும் காட்டினால் பேசுபவருக்கு 45 நொடி தடையின்றிக் கிடைக்கிறது. பார்ப்பவரின் கண்ணும் அலையாது. முதல் ஸ்லைடிலேயே கதைக்குள் நுழைந்துவிட வேண்டும். அவையை விளித்து வணங்கி, அழைத்தவர்களுக்கு நன்றி கூறி முடிப்பதற்குள் இரண்டு ஸ்லைடுகள் ஓடிவிடும் என்பதால், ஒரே ஒரு வணக்கம் போதும். பேச்சாளரின் பெயரையும் தொழிலையும் நெறியாளர் முன்பே ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

ஸ்லைடில் எழுத்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. திரையில் உள்ளதையே பேச்சாளர் வாசித்தால், கேட்பவர் அவருக்கு முன்பே படித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார். தானே எடுத்த ஒளிப்படங்கள் இருந்தால் அவற்றையே பயன்படுத்தட்டும்; சற்று மங்கலாக இருந்தாலும், அந்த இடத்துக்கு இவர் போயிருக்கிறார் என்பதை அவை காட்டிவிடும்.

ஒத்திகையை வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறைந்தது ஐந்து முறை செய்ய வேண்டும். மனத்துக்குள் வாசிப்பது கணக்கில் சேராது. முழு உரையையும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடுவார். அதனால் தொடக்கத்து இரண்டு வாக்கியங்களையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, இடையில் படத்தைப் பார்த்துப் பேசப் பழகுவதே நல்லது. ஒரு ஸ்லைடு முந்திப் போய்விட்டால், விட்டதைப் பிடிக்க ஓடாமல் புதிய படத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். விடுபட்டது என்ன என்பது அவையில் யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மேடை ஏறியதும் பலர் தம் இயல்பான பேச்சை விட்டுவிட்டு மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள், மாறியவுடன் அவர்களுடைய உற்சாகம் பாதி வடிந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல, தம் ஊர் வழக்கிலேயே பேசச் சொல்லுங்கள்.

கருவி சார்ந்த ஏற்பாட்டில் ஒரு தவறு எங்கள் முதல் மாலையையே கெடுத்தது. பேச்சாளர் ஒருவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவந்த ஸ்லைடுகள் வேறொரு மடிக்கணினியில் திறந்தபோது, தமிழ் எழுத்துகள் எல்லாம் ஆங்கிலக் குறிகளாக மாறியிருந்தன. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு ஸ்லைடையும் படக் கோப்பாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய ஸ்லைடுகளையும் மூன்று நாள் முன்னதாகப் பெற்று, ஒரே மடிக்கணினியில், ஒரே கோப்பில் வரிசையாகச் சேர்த்துவிட்டால் மேடையில் பென் டிரைவ் மாற்றும் தொல்லை இராது. பவர்பாயிண்டில் ஸ்லைடு மாற்றத்துக்கான பகுதிக்குச் சென்று, நேரத்தை 15 நொடி என்று குறித்து, சொடுக்கினால் நகரும் என்ற தேர்வை நீக்கி, எல்லா ஸ்லைடுகளுக்கும் பொருந்தச் செய்ய வேண்டும். ஒவ்வோர் உரைக்கும் முன்னால் வரும் தலைப்பு ஸ்லைடு மட்டும் சொடுக்கினால் நகர்வதாக இருக்கட்டும். பேச்சாளர் மைக் முன் வந்து நின்ற பிறகே நேரம் ஓடத் தொடங்கும்.

பேச்சாளர் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தால் குரல் மைக்கை விட்டு விலகிவிடும். மடிக்கணினியை அவர் கண்ணுக்கு நேரே தாழ்வான மேசையில் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். மாலை வெளிச்சம் சன்னல் வழியே விழும் கூடமாக இருந்தால் ப்ரொஜெக்டரின் படம் வெளிறிப் போகும் என்பதால், ஆறரை மணிக்கு முன் தொடங்காதீர்கள்.

நிகழ்ச்சி நிரலில் தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை ஆகிய எதுவும் வேண்டாம். மரியாதை செய்யக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்காக ஒரு மாதம் உழைத்தவரின் முறை வரும்போது அவை களைத்திருக்கக் கூடாது, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே. இடம் கொடுத்தவருக்கும் உதவியவர்களுக்கும் நெறியாளரே நன்றி சொல்லிவிடலாம். வரிசையை அமைக்கும்போது, சற்றே பழகிய ஒருவரை முதலிலும், அதிகம் அஞ்சுபவரை இரண்டாவதாகவும் வையுங்கள். அஞ்சுபவர் நெடுநேரம் காத்திருந்தால் அச்சம் வளரும். அடுத்தடுத்த இரு உரைகள் ஒரே துறையைச் சேர்ந்தவையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரை முடிந்தவுடன் மேடையிலேயே கேள்விகளை அனுமதித்தால், கேள்வி என்ற பெயரில் இன்னோர் உரை தொடங்கிவிடும். ஆறு பேரும் பேசி முடித்த பிறகு தேநீரும் சுண்டலும் கொடுத்து, ஒவ்வொரு பேச்சாளரையும் கூடத்தின் ஒவ்வொரு மூலையில் நிற்க வைத்து, விரும்பியவர்கள் விரும்பியவரிடம் போய்க் கேட்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தேநீர் மேசையின் ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்து, அடுத்த மாலையில் பேச விரும்புகிறவர் தம் பெயரோடு தலைப்பையும் ஒரு கேள்வியாக எழுதிச் செல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வியாக எழுத முடியாமல் பேனாவோடு தயங்கி நிற்பவரைக் கண்டால், தேநீர்க் கோப்பையோடு அவர் அருகில் போய், "எதை முதலில் வீட்டில் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.