மினி டிராக்டரைப் பிக்கப்பில் ஏற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது?

கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓட்ட, கொடுமுடி பக்கம் மஞ்சளுக்கும் வாழைக்கும் இடை உழவு ஓட்ட என்று மினி டிராக்டர்கள் இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேலை என்றால் ரோட்டிலேயே உருட்டிக்கொண்டு போக யாருக்குப் பொறுமை இருக்கிறது, டயரும் வீணாகத் தேயும். ஒரு பிக்கப்பையோ டாடா 407 குட்டி லாரியையோ கூப்பிட்டு, இரண்டு பலகையைச் சாய்த்து ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அதனாலேயே நாம் செய்கிற முறை சரிதான் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. எங்காவது கவிழ்ந்தது என்று கேள்விப்பட்டால் "டிரைவருக்கு அனுபவம் பத்தாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். என்னைக் கேட்டால், டிரைவர் சீட்டில் ஏறுவதற்கு முன்பே, பலகையைச் சாய்த்த விதத்திலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

முதலும் பெரியதுமான தவறு, பலகை குட்டையாக இருப்பது. பிக்கப்பின் தளம் தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருக்கும். 3 அடி உயரத்துக்கு 6 அடிப் பலகை போட்டால் சரிவு 30 டிகிரி வருகிறது. 8 அடி போட்டால் 22, 10 அடி போட்டால் 17, 12 அடி போட்டால்தான் 15-க்குக் கீழே இறங்கும். ஜப்பானில் இந்தச் சின்ன டிராக்டர்களை டிரக்கில் ஏற்றுவது அன்றாட வேலை, அங்கே சொல்கிற கணக்கு தளத்தின் உயரத்தைப் போல 4 மடங்கு நீளம். நம் ஊரில் பெரும்பாலும் 6 அடிப் பலகையே வருகிறது, 30 டிகிரியில் ஏற்றம் நடக்கிறது.

அந்தச் சரிவில் என்ன ஆகும் என்று பாருங்கள். டிராக்டரின் எடையில் பெரும்பங்கு பின் அச்சுப் பக்கம்தான். மேலே ஏற ஏற அந்த எடை இன்னும் பின்னால் சாய்கிறது, முன் சக்கரம் லேசாகிறது. இந்த நேரத்தில் பின் டயர் பலகையின் நுனியிலோ தளத்தின் விளிம்பிலோ தடுக்கி நின்றுவிட்டால், எஞ்சின் கொடுக்கிற முறுக்கு விசை, சக்கரத்தைச் சுற்ற முடியாமல் வண்டியின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பத் தொடங்கியதிலிருந்து திரும்பி வர முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று தோன்றுவதற்குள் வேலை முடிந்திருக்கும். இதில் அனுபவம் என்ன செய்யும்?

12 அடி ரேம்பைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, சரி. அப்படியானால் உயரத்தைக் குறையுங்கள். வாய்க்கால் கரை, களத்துமேடு, ரோட்டோரச் சரிவு என்று எங்கேயாவது ஒரு மேடு இருக்கும். பிக்கப்பைப் பள்ளத்தில் நிறுத்தி, மேட்டிலிருந்து பலகை போட்டால் 3 அடி உயரம் 1 அடியாகிவிடும், அதே 6 அடிப் பலகை தாராளமாகப் போதும். மேட்டின் விளிம்பு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் காலால் மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மழை பெய்த மறுநாள் வாய்க்கால் கரையை நம்பவே கூடாது. பிக்கப் ஒரு பக்கம் சாய்ந்தும் நிற்கக் கூடாது.

அடுத்தது பலகை என்ற பெயரில் கொண்டு வருகிற சாமான். சென்ட்ரிங் பலகை, பழைய பனஞ்சட்டம், பைக் ஏற்றுகிற ரேம்ப், இதெல்லாம் இதற்கு ஆகாது. மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை 600 கிலோவுக்கு மேல், பல மாடல்கள் ஒரு டன்னைத் தாண்டும், பின்னால் மாட்டுகிற ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) சேர்த்தால் அதற்கும் மேலே. அதில் பாதிக்கு மேல் பின் அச்சு வழியாக, இரண்டு பலகையின் நட்டநடுவில் ஒரே நேரத்தில் இறங்கும். கடையில் ரேம்ப் வாங்கினால் அதில் போட்டிருக்கிற எடை ஒற்றைப் பலகைக்கா ஜோடிக்கா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஜோடிக்குத்தான் போட்டிருப்பார்கள். பட்டறையில் செய்வதாக இருந்தால் சி சேனலில் (C வடிவ இரும்பு) சட்டம் கட்டி, குறுக்கே கம்பி வெல்டிங் வைத்துக் கேளுங்கள். வெறும் தகட்டில் சேறு ஒட்டிய டயர் வழுக்கும். அகலத்தையும் பாருங்கள்: பல மாடல்களில் முன் சக்கர இடைவெளியும் பின் சக்கர இடைவெளியும் ஒன்றாக இருக்காது. முன் டயர் பலகையின் நடுவில் ஏறுகிறதே என்று நிம்மதியாக இருப்போம், பின் டயர் வரும்போது பாதி வெளியே தொங்கும்.

நான் அதிகம் பயப்படுவது பலகை நழுவுவதற்குத்தான். முன் டயர் ஏறும்போது ஒன்றும் தெரியாது. பின் டயர் பலகையின் அடியைத் தொட்டு ஏறத் தொடங்குகிற அந்த இடத்தில் உற்றுப் பாருங்கள்: டயர் மேலே போக வேண்டுமானால் பலகையைப் பின்னால் தள்ளியாக வேண்டும். மேல் நுனியில் இரண்டு அங்குல உதடுதான் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் பட்டு அமுங்குவதால் அந்த உதடும் சற்றே கோணிக்கொள்ளும். ஒரு இழுப்பு, அவ்வளவுதான், பலகை கீழே, டிராக்டர் அந்தரத்தில். பலகையின் மேல் நுனியில் ஒரு கொக்கி வைத்து, வண்டியின் சேஸிஸோடு சங்கிலி போட்டு இறுக்கினால் இந்தக் கதையே கிடையாது. ஐந்து நிமிட வேலை, ஆனால் பத்தில் ஒரு இடத்தில்கூட நடப்பதாகத் தெரியவில்லை. திறந்து தொங்கும் பின் கதவின் மேல் பலகையை வைப்பவர்களும் உண்டு, அந்தக் கதவின் கீல் இந்த எடைக்குச் செய்ததில்லை. தளத்தின் விளிம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியான கட்டையை முட்டுக் கொடுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றினால் இந்த முட்டு கட்டாயம், இல்லையென்றால் பின்னால் எடை பட்டதும் முன் கொக்கி மேலே தூக்கும். பிக்கப்பை கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள்.

இப்போது சீட்டுக்கு வருவோம். வயலில் திருப்புவதற்காக இடது வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதித்துக்கொண்டிருந்தவர், அப்படியே வந்து பலகையில் ஏறுவார். பாதியில் பிரேக் தேவைப்பட்டு ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிப் பலகையை விட்டு இறங்கிவிடும். இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் பெரும்பாலான டிராக்டர்களில் இருக்கிறது, அதைப் போடுங்கள். டிஃபரன்ஷியல் லாக்கை (இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) எடுத்துவிடுங்கள், அது விழுந்திருந்தால் ஸ்டியரிங் பிடித்தபடி திரும்பாது. பிடிஓ (ரொட்டவேட்டர் போன்ற கருவியைச் சுழற்றும் தண்டு) ஓடக் கூடாது. லோ கியரில் முதல் கியர், ஏறத் தொடங்கியபின் கிளட்சைத் தொடவே கூடாது. நடுவில் கியர் மாற்றலாம் என்று கிளட்சை மிதித்தால் வண்டி நியூட்ரலில் பின்னால் உருளும். பலகையில் நின்றுகொண்டு ஸ்டியரிங்கை ஒடிப்பதும் வேண்டாம். நேராக வரவில்லையென்றால் மெதுவாகக் கீழே இறக்கி, மறுபடி நேர் பிடித்து ஏற்றுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னோக்கி ஏற்றுவதா, ரிவர்ஸில் ஏற்றுவதா என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால் என் கட்சி இது: 4 வீல் டிரைவ், பின்னால் கருவி இல்லை, பலகை நீளம் என்றால் முன்னோக்கி ஏற்றலாம். 2 வீல் டிரைவ், சரிவும் கொஞ்சம் அதிகம் என்றால் ரிவர்ஸ்தான். ரிவர்ஸில் ஏறும்போது எஞ்சினின் முறுக்கு முன்பக்கத்தைக் கீழே அழுத்தும், மல்லாக்கக் கவிழ வழியில்லை. கனமான பின்பக்கம் பிக்கப்பின் கேபினை ஒட்டிப் போய் உட்காரும், ரோட்டில் பிக்கப்பின் ஸ்டியரிங் லேசாவதும் குறையும். ஆனால் பலகை ஈரமாக இருந்தால் ரிவர்ஸில் பின் டயர் சும்மா சுற்றும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு நேர் பிடிப்பதும் எல்லோருக்கும் வராது. ரொட்டவேட்டரோடு முன்னோக்கி ஏற்றுவது மட்டும் எந்தக் கட்சியிலும் சேராது. பின்னால் அத்தனை எடையைத் தொங்கவிட்டு மூக்கை வானத்துக்குக் காட்டுகிற வேலை அது. கழற்றித் தனியாக ஏற்றுங்கள்.

அப்புறம் கூட்டம். டிராக்டர் ஏறுகிறது என்றால் டீக்கடையில் இருப்பவரெல்லாம் வந்துவிடுவார். ஒருவர் பலகையைக் காலால் மிதித்துப் பிடிப்பார், ஒருவர் முன்பக்கம் தூக்காமல் இருக்க பானெட்டில் ஏறி உட்காருவார், நான்கு பேர் "வா வா, லெஃப்ட் ஒடி" என்று நான்கு விதமாகக் கத்துவார்கள். அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதில் தப்பே இல்லை. டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓரமாக, வண்டி கவிழ்ந்தாலும் எட்டாத தூரத்தில் ஒரே ஒருவர் நின்று கை காட்டினால் போதும். டிராக்டரில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கிற மடக்கு இரும்புச் சட்டம் இருந்தால் நிமிர்த்தி சீட் பெல்ட் போட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டக் கூடாது.

ஏற்றிய பிறகு கட்டுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நைலான் கயிறு போதாது, சங்கிலியோ ராட்செட் பெல்ட்டோ நான்கு மூலைக்கும் தனித்தனியாக, அச்சிலோ சேஸிஸிலோ போடுங்கள். ஸ்டியரிங் ராடில் கொக்கி மாட்டினால் அது வளைந்துபோகும். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். டாடா ஏஸ் மாதிரி குட்டி வண்டிகள் தாங்குகிற பாரம் ஒரு டன்னுக்குக் கீழேதான், வாடகை குறைவு என்று அதில் ஏற்றிவிட்டு வழியில் எடை போட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000.

இறக்கும்போது யாருக்கும் கவனம் இருப்பதில்லை. ஏற்றும்போது போட்ட சங்கிலி, முட்டு, கல் எல்லாம் இறக்கும்போதும் வேண்டும். நியூட்ரலில் உருட்டி இறக்காதீர்கள். முன்னோக்கி ஏற்றிய வண்டி பின்னோக்கித்தான் இறங்கும், வேகமாக இறங்கி நடுவில் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும், உடம்பு நிற்காது, அதே மல்லாக்குக் கவிழ்ப்புதான். லோ ரிவர்ஸ் கியரில், எஞ்சின் பிடிமானத்திலேயே, கால் கிளட்சில் படாமல் இறக்குங்கள். நான்கு சக்கரமும் தரைக்கு வந்தபின் ரொட்டவேட்டரை மாட்டிக்கொள்ளலாம். ரொட்டவேட்டரை இணைக்கிற, கழற்றி வைத்த டாப் லிங்க் பின்களைப் பிக்கப் தளத்திலேயே விட்டுவிடாதீர்கள், அதை வாங்கி வர இன்னொரு வாடகை ஆகும்.