அரிசி இருக்கும் வீட்டிலும் கேட்க வேண்டியவை: உணவுப் பற்றாக்குறை ஆய்வில் முதல்முறை தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் தமிழ் ஆட்களின் சாப்பாட்டு நிலைமையைப் பற்றி ஆய்வு நடந்தால், வீடு வீடாகப் போய்க் கேட்க உள்ளூர்த் தமிழ் பேசுகிறவர்கள் தேவைப்படுவார்கள். பெரிய படிப்பு வேண்டாம். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

சேரும் முன்

கூப்பிடுவது கல்லூரியோ தொண்டு நிறுவனமோ, நெறிமுறைக் குழுவின் (ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் வாங்கியாயிற்றா, பயிற்சி உண்டா, கேள்வித்தாள் தமிழில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மலையாளத் தாளைக் கொடுத்து, "நீங்களே தமிழில் கேட்டுக்கோங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டால் பதில்களை ஒன்றாகச் சேர்க்கவே முடியாது.

எட்டுக் கேள்விகள்

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014 முதல் பல நாடுகளில் பயன்படுத்திவரும் எட்டுக் கேள்விகளைத்தான் பெரும்பாலும் உங்கள் கையில் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலையில் தொடங்கி, சத்தான உணவு கிடைக்காதது, ஒரே மாதிரி சாப்பாடு, ஒருவேளையை விட்டது, அளவைக் குறைத்தது, வீட்டில் தீர்ந்துபோனது, பசித்தும் சாப்பிடாதது என்று போய், நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததில் முடியும். ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

ஒவ்வொரு கேள்வியிலும் "பணமோ வேறு வசதியோ இல்லாததால்" என்ற பகுதி வரும். சலிப்பாக இருக்கிறதென்று அதை விழுங்கிவிடாதீர்கள். விழுங்கினால், சஷ்டி விரதம் இருந்தவரும், காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்தவரும் பட்டினிக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

ரேஷன் இருக்கும்போது என்ன பற்றாக்குறை என்று நமக்கே தோன்றும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேரளத்தில் மிக ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள் அட்டைக்குக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோவும், முன்னுரிமைக் குடும்பங்களுக்கான இளஞ்சிவப்பு அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோவும் தானியம் உண்டு. அதனால் பல வீடுகளில் அரிசிப் பானை காலியாக இருக்காது. பருப்பு, முட்டை, பால், காய் எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தேயிலைக் கொழுந்து குறைந்து கூலியும் குறைகிற மாதங்களில் முதலில் குறைவது அவைதான். அரிசியைப் பார்த்துவிட்டு "இங்கே பிரச்சினை இல்லை" என்று நீங்களே முடிவு செய்து கேள்வியைத் தாண்டினால், ஆய்வே வீண்.

நேற்று என்ன சாப்பிட்டார்

15 முதல் 49 வயதுப் பெண்களிடம் முந்தைய நாள் சாப்பாட்டைக் கேட்டு, பத்து உணவு வகைகளில் எத்தனை வந்தன என்று எண்ணும் முறை ஒன்றும் உண்டு. குறைந்தது ஐந்து வகை இருக்க வேண்டும். ஒரு அக்கா காலையில் சோறு, மதியம் கத்தரிக்காய் சாம்பார், இரவு ரசமும் கருவாடும் என்கிறார் என்று வையுங்கள். தானியம், பருப்பு, காய், மீன்: நான்குதான். ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லித் தழையைக் கீரையாக எழுதக்கூடாது. டீயில் விட்ட துளிப் பாலும் சேராது. 15 கிராமுக்குக் குறைவானதை விட்டுவிட வேண்டும். அதே சாம்பாரில் வட்டவடைக் கேரட் நாலு துண்டு நன்றாகக் கிடந்திருந்தால், வைட்டமின் ஏ நிறைந்த வகையாக அது ஐந்தாவது ஆகும். அதனால் "சாம்பார்" என்று எழுதி நிறுத்தாமல், "அதுல என்னக்கா போட்டீங்க?" என்று கேளுங்கள்.

வாசலில்

எஸ்டேட் அனுமதி தேவைப்படும். ஆனால் சூப்பர்வைசரை உங்களோடு அழைத்துப் போகாதீர்கள். அவர் நிற்கும்போது வருகிற பதில் வேறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நல்லது. தேனிப் பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வந்துபோகிற பெண்களை அவர்கள் ஊரிலேயே பார்ப்பதுதான் சரி.

யார், எதற்காக என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம் என்று சொல்லி, சம்மதம் வாங்குங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். போட்டோ எடுக்காதீர்கள். இதனால் ரேஷன் அட்டை மாறும், பணம் வரும் என்று எந்த நம்பிக்கையும் கொடுத்துவிடாதீர்கள்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம். கடைசி மூன்று கேள்விகளைச் சத்தமாகக் கேட்டால் எந்தத் தாயும் ஆமாம் என்று சொல்லமாட்டார். தாளை அவர் பக்கம் திருப்பி, மெதுவாக வாசியுங்கள், தலையசைத்தாலே போதும். மௌனம் வந்தால் காத்திருங்கள். "அப்படியெல்லாம் இருக்காது, இல்லையா அம்மா?" என்று எடுத்துக்கொடுப்பதைப்போல் கெடுதல் வேறில்லை.

யாராவது நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததாகச் சொன்னால், எழுதிவிட்டு எழுந்து வரக்கூடாது. ஆஷா பணியாளர் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்), அங்கன்வாடி, வார்டு மெம்பர் ஆகியோரின் எண்களை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைகளுக்கும் அங்கன்வாடி உணவு உரிமை. ரேஷன் மறுக்கப்பட்டால் முறையிட மாவட்டக் குறைதீர் அதிகாரி இருக்கிறார். யாரிடம் சொல்லலாம் என்பதைப் பட்டினி கிடந்தவரின் சம்மதத்தோடு முடிவு செய்யுங்கள்.

முடிந்த பிறகு

தாள்களை அன்றே ஒப்படையுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அதே லயத்துக்குக் கொண்டுவந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று குழுவிடம் தொடக்கத்திலேயே வற்புறுத்துங்கள். அப்படிச் சொல்லும்போது பத்துப் பன்னிரண்டு வீடு மட்டுமுள்ள டிவிஷனின் (எஸ்டேட்டின் ஒரு பிரிவு) கணக்கைத் தனியாகக் காட்டாமல் பக்கத்து டிவிஷனோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த வீடு என்று ஊரே ஊகித்துவிடும்.