உலை ஒன்று, உடல்வாகு மூன்று

வாத உடம்புக்கு ஒரு சமையல், பித்த உடம்புக்கு ஒரு சமையல் என்று ஆரம்பித்தால் எந்த வீட்டிலும் ஒரு வாரம் தாங்காது. வாதம், பித்தம், கபம் என்று ஆயுர்வேதம் பிரிக்கும் மூன்று உடல்வாகும் எங்கள் வீட்டில் உண்டு. உலை ஒன்றுதான், மாற்றத்தையெல்லாம் தட்டில்தான் செய்கிறேன்.

முதலில் அவரவர் பசியைக் கவனியுங்கள். தோல், முடி என்று நீளும் கேள்விப் பட்டியலைவிடப் பசி தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். என் கணவருக்கு ஒரு நாள் அகோரப் பசி, மறுநாள் பசியே எடுக்காது, வயிறு உப்பிக்கொள்ளும்: வாதம். மகளுக்குச் சாப்பாடு சற்றுத் தள்ளினாலே எரிச்சல், நெஞ்சிலும் குணத்திலும்: பித்தம். எனக்குக் காலைச் சாப்பாடு தவறினாலும் தெரியாது. உண்டதும் கண்ணைச் சொக்கும்: கபம்.

இனிப்பு, புளிப்பு, உப்பு வாதத்தைத் தணிக்கும் என்கிறது ஆயுர்வேதம். பித்தத்துக்கு இனிப்பு, கசப்பு, துவர்ப்பு. கபத்துக்குக் கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு. நல்லெண்ணெய் வாதத்துக்கும், நெய் பித்தத்துக்கும், தேன் கபத்துக்கும் உகந்தவை.

இதை வைத்து ஒரு மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். பாசிப்பருப்பு போட்ட புடலங்காய்க் கூட்டு; புளி இல்லை, மிளகாய் பெயருக்கு. கணவருக்குக் குழைந்த சோறு, ஆவி பறக்க. கூட்டின் மேல் நல்லெண்ணெயில் சீரகமும் இஞ்சியும் தாளித்துக் கொட்டுவேன், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். மகளுக்கு நெய், தேங்காய்த் துருவல், மேலே கொத்தமல்லித் தழை. ஊறுகாய் பக்கமே போகக் கூடாது. எனக்குச் சோறு பாதி, கூட்டு இரு மடங்கு, அப்போதே இடித்த மிளகு, நெய் எண்ணெய் எதுவும் இல்லாமல்.

இரவில் தயிர் யாருக்கும் வேண்டாம். பகலில் மோராக்கிக் குடிக்கலாம். தேனைச் சூடாக்கக் கூடாது. கொதிக்கும் பானத்திலும் கலக்காதீர்கள். வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு நீர், கால் பங்கு வெற்றிடம் என்பது மூவருக்கும் பொது. என் கணிப்பில் சுவையைவிட இந்த அளவுதான் அதிகம் உதவுகிறது.

கோடையில் என் மிளகையும் குறைத்துவிடுவேன். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் மாற்றுங்கள். மற்றவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பசியும் மலமும் தூக்கமும் சீராகின்றனவா என்று பார்த்து, அடுத்ததைத் தொடுங்கள்.